உறை மாறிய படம்

"ஐயோ! நில்லுங்க... நில்லுங்கன்னு சொல்றேன்ல!"

சபாபதி நின்றான். நின்ற இடம்தான் தப்பு.

மழை. ஜோகூர் பாருவின் அக்டோபர் மழை. ஐரோப்பாவில் சண்டை தொடங்கி ஒரு மாதம் கடந்திருந்தது. கடைவீதியில் சைக்கிள் கடைச் சீன முதலாளி, ஊரார் வாயில் தவுக்கே, இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஒரு லாரியின் முன்விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஒரு பெண். தூணில் சாய்ந்து, இடுப்பருகே ஒரு கறுப்புப் பெட்டியைப் பிடித்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே ஆறடி உயரத்தில் சபாபதி. அவன் தலைக்கு மேலே ஒரு பெரிய குடை.

'க்ளிக்' என்றது பெட்டி.

அவள் நிமிர்ந்தாள். கண்கள்... பெரிய கண்கள். கோபத்தில் இன்னும் பெரிதாகியிருந்தன. இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சுருளுக்கு எட்டே எட்டுப் படம். சண்டை வந்த பிறகு சுருள் கிடைக்கிறதே பெரும்பாடு. அதுல ஒண்ணை உங்க குடை முழுங்கிடுச்சு!"

"மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பைக் கழுவினா படம் வருமா?"

தவுக்கே திரும்பிப் பார்த்தார். கேமராவைக் கண்டார். பசைக் கிண்ணத்தோடு கடைக்குள் ஓடிவிட்டார்.

"அலமாக்! போச்சு..."

"இன்னிக்கும் ஓடிட்டாரா? இது மூணாவது வாரம்..." என்றான் சபாபதி.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கண்கள் சுருங்கின. "மூணு வாரமா நான் அவரைத் துரத்துறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? படித்திருந்தான். சென்ற செவ்வாய்க்கிழமை, ஊதா மையில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில்... 'தனம், அந்தச் சைக்கிள் கடைக்காரர் என் பெட்டியைக் கண்டால் பேயைக் கண்டவர் மாதிரி ஓடுகிறாரடி. இரண்டு வாரமாகத் துரத்துகிறேன்.' அப்படியானால் இவள்தான் அவள்! ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டும் டிரஸ்ஸர் சதாசிவத்தின் மகள் சந்திரமதி.

"கடைவீதியில சொல்லிக்கிட்டாங்க" என்றான்.

"கடைவீதிக்கு வேற வேலை இல்லை லா!"

சபாபதி தெருவைக் கடந்தான். லாரியின் விளக்குக்கு மேலே குடையைப் பிடித்தபடி நின்றான். பாதி ஒட்டிய தாள் நனைந்து உரிந்துகொண்டிருந்தது. தவுக்கே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். தாள் வீணாவதைப் பொறுக்க முடியவில்லை போலும். வெளியே வந்தார். குடைக்கடியில் குனிந்து ஒட்ட ஆரம்பித்தார்.

சபாபதி அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

'க்ளிக்.'

அவள் சிரித்தாள். இமையிலிருந்த துளி அப்போதுதான் விழுந்தது.

*

கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வெளிநாட்டுத் தபால்களைப் பிரித்துப் படித்தார்கள். போர்க்கால உத்தரவு. கப்பல், பட்டாளம், பாலம் பற்றி யாராவது எழுதினால் கத்தரிக்கோல். படம் வைத்திருந்தால் படத்துக்கும் அதே கத்தரிக்கோல்.

தமிழ்க் கடிதங்களைப் படிக்க ஒரே ஒருவன். சென்னையில் பி.ஏ. படித்த சபாபதி. செய்யும் வேலையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தான்.

முதல் நாளே ஒரு கலவரம். எல்லாத் தமிழ்க் கடிதங்களின் உச்சியிலும் ஒரே குறி இருக்கிறது, இது என்ன சதி என்று ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை கேட்டார். அது பிள்ளையார் சுழி, நல்லது தொடங்கும்போது போடுவது என்று விளக்க அரை நாள் ஆயிற்று. 'இத்தனை பேருமா நல்லது தொடங்குகிறார்கள்?' என்று துரை சந்தேகம் தீராமலே போனார்.

நாளுக்கு அறுபது கடிதங்கள். நலம், நலமறிய ஆவல், மாடு கன்று போட்டதா, மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா... சபாபதிக்கு மட்டும் இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. எழுதிக்கொண்டிருந்த மனைவி இல்லை. அவன் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது.

அந்த மேஜையில்தான் ஊதா மை வந்து விழுந்தது. சந்திரமதி கும்பகோணத்துக்கு மணமாகிப் போன தோழி தனலெட்சுமிக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றிலும் படங்கள். 'சண்டைக் காலத்தில் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டாயே, இந்தா பார்.' இருட்டில் வண்டி மோதாமல் இருக்க மரங்களுக்கு வெள்ளைப் பட்டை அடிக்கும் மலாய்க்காரர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கட்டுத்துணி சுருட்டும் பெண்கள், அவர்கள் நடுவே தூங்கிவிட்ட ஒரு கிழவி. அரிசிக் கடை வரிசையில் செருப்புகளை மட்டும் நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் சனங்கள். கப்பலும் இல்லை, பட்டாளமும் இல்லை. கத்தரிக்க ஒன்றுமே இல்லை. அந்தச் செருப்பு வரிசையை சபாபதி மூன்று முறை பார்த்தான்.

மழைச் சந்திப்புக்கு அடுத்த செவ்வாய். ஊதா மை.

'தனம், ஒருவரைச் சந்தித்தேன். ஆள் இல்லை, ஒட்டகச்சிவிங்கி! குடை வைத்திருந்தது. பேச்சு வராது. என் படத்தைக் கெடுத்தது. பிறகு ஒரு படத்தைத் தந்தது. கண்ணில் மட்டும் ஏதோ ஒரு வருத்தம்... சிரித்தால் நன்றாக இருக்கும். சிரிக்க வைக்கிறேன், பார்.'

சபாபதி சிரித்தான். சத்தமாக. சீனக் கடிதங்கள் படிப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

உறையில் ஒரு படமும் இருந்தது. அவளே. ஆஸ்பத்திரி வாசற்படியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி. சபாபதி பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்...

மேஜையில் இன்னொரு கடிதமும் பிரிந்து கிடந்தது. யோங் பெங் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் அர்ச்சுனன், மன்னார்குடியில் இருக்கும் தன் தாய்க்கு எழுதியது. 'அம்மா, என் கல்யாணத்துக்கு அவசரப்படுகிறாய். இத்துடன் படம் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஆக வேண்டியதைச் செய்.' கூடவே அவன் படம். பெரிய மீசை, பக்கத்தில் ஒரு சைக்கிள்.

வாசலில் துரையின் பூட்ஸ் சத்தம்.

சபாபதி பதறி எல்லாவற்றையும் உறைகளில் திணித்தான். ஒட்டினான். முத்திரை குத்தினான். அவசரத்தில் இரண்டு படங்களும் உறை மாறிவிட்டன. மன்னார்குடிக்குச் சந்திரமதி. கும்பகோணத்துக்கு அர்ச்சுனன்.

சபாபதிக்கு அது தெரியவில்லை. இரண்டும் ஒரே கப்பலில் போயின.

*

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் குடையும் கேமராவும் சந்தித்துக்கொண்டன. தற்செயலாகத்தான் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

"சும்மா... சோப்பு வாங்க."

"போன வாரமும் சோப்புத்தான் வாங்கினீங்க. அவ்வளவு அழுக்கா?"

அவள் படம் எடுத்தாள். அவன் ஆட்களை நிற்க வைத்தான். துணி தைக்கும் மலாய் அம்மாவிடம் மலாயில் பேசினான். கரிப் படகுக்காரனிடம் கெஞ்சினான். மழை வந்தால் குடையைக் கேமராவுக்குப் பிடித்தான்.

"நான் நனையறேன். பெட்டி நனையலை. ரொம்ப நியாயம்!"

"நீங்க காய்ஞ்சிடுவீங்க. பெட்டி காயாது."

"ஆஹா... பேசுதே!" என்று அவள் கைகொட்டினாள்.

மனைவியைப் பற்றி ஒரு நாள் அவனே சொன்னான். நான்கு வாக்கியங்களில் முடித்துவிட்டான். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "அவங்க பேர் என்ன?" என்று கேட்டாள். சொன்னான். இரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு முறை அதை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அழகான பேர்" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் செவ்வாய்க்கிழமைகள்...

செவ்வாய்க்கிழமைகளில் அவன் திருடன். வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றால் தமிழ் தெரிந்தவர் வேறில்லை. அவளுக்குச் சுண்டல் வண்டிக்காரனின் வறுத்த பட்டாணி பிடிக்கும் என்று படித்தான். சனிக்கிழமை, யோசிக்காமல், ஒரு பொட்டலம் வாங்கிப் போனான்.

"எனக்கு இது உசிருன்னு உங்களுக்கு எப்படி..." அவள் முகம் மலர்ந்தது. அவன் முகம் வாடியது.

நவம்பர் கடைசியில் ஒரு கடிதம். 'தனம், அவர் வராத ஒரு சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். படம் எடுக்கவே தோன்றாது போலிருக்கிறதடி...'

சபாபதி அந்த வரியைக் கையால் மூடினான். அவள் அவனிடம் சொல்ல வேண்டிய வார்த்தை. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருப்பாள். அவள் வாய் திறக்கும் முன்பே அவன் எடுத்துக்கொண்டுவிட்டான். சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாமல் இருந்தால்... கிடைப்பாள். ஏமாற்றிக் கிடைப்பாள்.

சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான்.

டிசம்பர் முதல் வாரம் கப்பல் வந்தது. வரும் தபாலும் அவன் மேஜைக்குத்தான். ஒரே கட்டில் இரண்டு கடிதங்கள்.

முதலாவது, கும்பகோணம்.

'அடி கள்ளி! ஒருவரைச் சந்தித்தேன் என்று எழுதி, கூடவே படத்தையும் வைத்துவிட்டாயே. மீசை அமர்க்களம். ஆனால் ஒட்டகச்சிவிங்கி என்று ஏன் சொன்னாய்? ஆள் சைக்கிளைவிட ஒரு சாண்தானே உயரம்?'

சபாபதிக்கு வியர்த்தது. இரண்டாவதைப் பிரித்தான். மன்னார்குடி. யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். அர்ச்சுனனின் தாய் சொல்லச் சொல்ல எழுதியது.

'தம்பி, நீயே பெண் பார்த்துப் படமும் அனுப்பிவிட்டாய். மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள். தெருவெல்லாம் காட்டிவிட்டேன். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டேன். எனக்குச் சம்மதம். தை பிறந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றிவிடு.'

கத்தரிக்கோல் கையருகே கிடந்தது.

இரண்டு கடிதங்களையும் நிறுத்திவைக்க அவனுக்கு அதிகாரம் உண்டு. ஒருவரும் கேட்க மாட்டார்கள். சண்டைக் காலம், கடிதங்கள் தொலைவது சகஜம். சந்திரமதிக்குத் தெரியாது. சனிக்கிழமைகள் தொடரும்...

ஆனால் மன்னார்குடியில் ஒரு தாய், வராத மருமகளுக்காகக் காத்திருப்பாள்.

சபாபதி எழுந்தான். கத்தரிக்கோலைத் தொடவில்லை. இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குப் போனான்.

துரை முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். இனி அவனுக்குக் கடிதங்கள் கிடையாது, பத்திரிகைக் கட்டுகள் மட்டுமே. தமிழ்க் கடிதங்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து வேறு ஆள் வருவார். இந்த இரண்டு கடிதங்களும் உரியவர்களுக்கே போகும்; கெடுத்ததை அவனே சரிசெய்ய வேண்டும். சந்திரமதியிடமும் அர்ச்சுனனிடமும் மட்டும் உண்மையைச் சொல்லலாம்.

*

சனிக்கிழமை. மழை கொட்டியது. நடைபாதையில் அவள் வழக்கமான தூணருகே நின்றிருந்தாள்.

"சார், சோப்பு வாங்கியாச்சா?"

அவன் சிரிக்கவில்லை. சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். மாடி அறை, கத்தரிக்கோல், ஊதா மை, உறை மாறிய படங்கள், மன்னார்குடி.

அவள் கண்கள் மெல்ல மெல்ல மாறின.

"எப்போலேருந்து?"

"செப்டம்பர் பதினெட்டு."

"எல்லாக் கடிதமுமா?"

"எல்லாம்."

"ஒட்டகச்சிவிங்கி?"

"அதுவும்."

"போன மாசக் கடைசியில எழுதினது..."

அவன் தலை குனிந்தான். அவளுக்குக் காது மடல் வரை சிவந்தது.

"அதை நானே சொல்லணும்னு வச்சிருந்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு நாலு விதமா சொல்லிப் பாத்தேன், தெரியுமா? நீங்க... நான் சொல்றதுக்கு முன்னாடியே படிச்சுட்டீங்க!"

"வேலை..."

"பட்டாணியும் வேலையா?"

அவள் கேமராவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். சபாபதி குடையை நீட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். சபாபதி மட்டும் சோப்பு வாங்கினான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை யாரோ அவன் அறைக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் டிரஸ்ஸர் சதாசிவம். வெள்ளைக் கோட்டு, காதோரம் நரை.

"நீங்கதான் சபாபதியா? உயரத்தைப் பாத்தாலே தெரியுது" என்றார். "ஞாயித்துக்கிழமை யோங் பெங் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போறேன். என் மகளும் வரா. அங்க நீங்க மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்காராமே?"

"ஆமாங்க."

"காலையில ஆறு மணிக்கு வண்டி."

*

வண்டியில் சந்திரமதி முன்னிருக்கையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சபாபதி பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, முழங்கால் தாடையைத் தொட மடங்கி உட்கார்ந்தான். சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின.

கடைசியில் டிரஸ்ஸர்தான் வாயைத் திறந்தார். "கை ஒடிஞ்சா எனக்குத் தெரியும். கால் ஒடிஞ்சாலும் தெரியும். இந்த வண்டியில என்ன ஒடிஞ்சிருக்குன்னுதான் தெரியலை."

"அப்பா... ரோட்டைப் பாருங்க."

தோட்டத்தில் பால் நிறுத்து முடித்துவிட்டு அர்ச்சுனன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்கு வந்தான். நேரில் மீசை படத்தைவிடப் பெரிதாக இருந்தது. "உங்கம்மா பாத்த படத்துல இருக்கிற பொண்ணு இவதான்" என்று டிரஸ்ஸர் மகளைக் காட்டவும் அப்படியே நின்றான்.

"அம்மாடி! எங்கம்மா சொன்ன மகாலட்சுமி இவங்கதானா? இத்தனை நாளா என் படத்துல எப்படிப் பொண்ணு வந்துச்சுன்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிறேன். பேய் படம்னு இங்க பேச்சு!"

சபாபதி அவன் முன் கைகூப்பினான். "தப்பு என்னோடது. தபால்ல ரெண்டு படத்தையும் மாத்தி வச்சுட்டேன். உங்கம்மாவுக்கு நானே எழுதுறேன்."

அர்ச்சுனன் அவனைக் கீழிருந்து மேல் வரை பார்த்தான். அதற்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பெருமூச்சு விட்டான்.

"எழுதி என்னங்க செய்ய? எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைத்தான் நம்புவாங்க. பொண்ணுக்கு ஏதோ கோவம், சமாதானம் பண்ணுன்னு எனக்கே திருப்பி எழுதுவாங்க. அவங்க பாத்த பொண்ணு இவங்க. இவங்க இருக்கிற வரைக்கும் வேற பொண்ணைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எனக்குக் கல்யாணமே ஆகாது சார்!"

தொலைவில் எங்கோ பால் வாளி ஒன்று உருண்டது.

"அப்போ படமே அனுப்பிடலாம்" என்றாள் சந்திரமதி.

வண்டியிலிருந்து இறங்கிய பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

"என்ன படம்மா?" என்றார் டிரஸ்ஸர்.

அவள் கேமராவை வெளியே எடுத்தாள். சுருளைத் திருகினாள். யாரையும் பார்க்காமல் பேசினாள். "நான் வேற ஒருத்தரோட ஜோடியா நிக்கிற படம். பாத்தா, இந்தப் பொண்ணு இன்னொருத்தருக்குன்னு அவங்களுக்கே விளங்கிடும். அர்ச்சுனன் அண்ணே, இதைப் பிடிங்க. இந்தக் கம்பியை அழுத்தணும். மூச்சை அடக்கிக்குங்க."

டிரஸ்ஸர் மகளைப் பார்த்தார். சபாபதியைப் பார்த்தார். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்று படம் எடுப்பது அந்தக் காலத்தில் விளையாட்டு இல்லை. ஒரு முறை எடுத்தால் எடுத்ததுதான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மதி... யோசிச்சுத்தானே?"

"மூணு வாரமா யோசிச்சேன்ப்பா."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு வண்டியில மருந்து எண்ண வேண்டிய வேலை இருக்கு" என்று திரும்பி நடந்தார். நடக்கும்போது அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

சந்திரமதி ஒரு ரப்பர் மரத்தடியில் போய் நின்றாள். சபாபதி நகரவில்லை.

"வாங்க. மேகம் மூடுது, வெளிச்சம் போகுது."

போனான். இரண்டு முழம் தள்ளி நின்றான். அவன் குரல் தடுமாறியது.

"சந்திரமதி... இது அர்ச்சுனனோட அம்மாவுக்காக மட்டுமா?"

அவள் நேராகக் கேமராவைப் பார்த்தபடி சொன்னாள். "அடுத்தவங்க கடிதத்துல படிச்சாத்தான் உங்களுக்கு விளங்குமா? பக்கத்துல நின்னு சொன்னா விளங்காதா?"

"உங்க கோபம்..."

"இருக்கு. நிறைய இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா தருவேன். ஆனா..." அவள் குரல் தணிந்தது. "கத்தரிக்கோல் உங்க கையிலதானே இருந்துச்சு? ரெண்டையும் நிறுத்தியிருந்தா எனக்கு ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காது. என்னை இழந்துடுவோம்னு தெரிஞ்சும் வந்து சொன்னீங்களே. அந்த ஆளைத்தான் நான் மூணு வாரமா யோசிச்சேன்."

பி.ஏ. படித்த தமிழ், நாளுக்கு அறுபது கடிதம் படித்த தமிழ், ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. கடைசியில் வந்தது சின்னதாகத்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கடிதத்துக்கு முன்னாடி... அந்தச் செருப்பு வரிசைப் படத்துலேயே."

அவள் திரும்பினாள். அந்தக் கண்கள்... இந்த முறை மழை இல்லாமலே நனைந்திருந்தன.

"சார்!" அர்ச்சுனன் கேமராவுக்குள் குனிந்தபடி கத்தினான். "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க சார்! நடுவுல ஒரு சைக்கிளே போகும் போலிருக்கு. இதைப் பாத்தா எங்கம்மா நம்ப மாட்டாங்க!"

சபாபதி ஒரு முழம் நகர்ந்தான்.

"ம்ஹூம்... இன்னும்!"

மீதி ஒரு முழத்தை அவள் நகர்ந்தாள். வளையல் அவன் சட்டைக் கையில் பட்டது.

"இப்போ சரி. ரெண்டு பேரும் சிரிங்க... ஐயோ சார், அவ்வளவு சிரிக்காதீங்க, படம் ஆடுது!"

'க்ளிக்.'